பச்சிளங்குழந்தையின் நுரையீரலைச் சுற்றிக் கோக்கும் நிணநீரும் அதற்கான மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த குழந்தையின் மார்பில் நீர் கோத்திருக்கிறது என்று கேள்விப்படும் பெற்றோருக்கு, அடுத்த சில நாட்களில் குழாய், வெண்டிலேட்டர், பாலை நிறுத்துதல், நிணநீர்க் கசிவைக் குறைக்கக் கொடுக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி எனப் பல சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. அவற்றுள் மருந்து பற்றிய பேச்சுதான் அதிக நம்பிக்கையையும் அதிகக் குழப்பத்தையும் ஏற்படுத்துகிறது. அந்த மருந்தால் என்ன முடியும், என்ன முடியாது, அதைக் கொடுக்கும்போது எவற்றைக் கண்காணிக்க வேண்டும் என்பவற்றை இங்கே கேள்வி பதிலாக விளக்கியிருக்கிறேன். குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அவருடன் தெளிவாகப் பேச உதவினால் போதும்.

நுரையீரலுக்குள் நீர் இருப்பதும் நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதும் ஒன்றா?

ஒன்றல்ல. கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் காற்றறைகள் நீரால் நிறைந்திருக்கும். பிறப்பை ஒட்டி அந்த நீர் உறிஞ்சப்பட்டுவிடும். உறிஞ்சப்படுவது தாமதமானால் சில மணி நேரம் முதல் இரண்டு மூன்று நாட்கள்வரை குழந்தை வேகமாக மூச்சு விடும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். அது நுரையீரலுக்குள் இருக்கும் நீர்.

நாம் இங்கே பேசுவது வேறு. நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கு இடையே வழக்கமாக உறைகள் உரசாமல் வழுக்கிச் செல்லத் தேவையான அளவு ஈரமே இருக்கும். அந்த இடைவெளியில் நீர் சேரும்போது நுரையீரல் வெளியிலிருந்து நசுக்கப்படுகிறது, விரிவதற்கு இடமின்றிப் போகிறது. கருவிலேயே நீண்ட நாள் இப்படி நசுங்கியிருந்தால் நுரையீரல் முழுமையாக வளராமலும் போகலாம். நீரை வடித்த பிறகும் சில குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதற்கு இதுவே காரணம்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? எல்லா நீருக்கும் ஒரே மருந்துதானா?

இல்லை. நுரையீரல் தொற்றின் விளைவாக நீர் சேர்ந்திருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டும். இதயம் சரியாக இயங்காததால் சேர்ந்திருந்தால் இதயத்துக்கான சிகிச்சை வேண்டும். பெரிய சிரைக்குள் வைத்த நுண்குழாய் இடம் மாறி, அதன் வழியே செலுத்தப்பட்ட ஊட்டக் கரைசல் மார்புக்குள் கசிந்திருந்தால், அந்தக் குழாயை உடனே அகற்றுவதே சிகிச்சை.

ஆனால் பச்சிளங்குழந்தைகளின் நுரையீரல் உறையில் பெருமளவில் சேரும் நீர் பெரும்பாலும் நிணநீராகவே இருக்கிறது. நிணநீர் என்பது உடல் திசுக்களிலிருந்து தனிக் குழல்கள் வழியே இரத்தத்துக்குத் திரும்பும் நீர். அது நுரையீரல் உறையில் சேர்வதைக் கைலோதொராக்ஸ் என்பார்கள். பிறவியிலேயே வரும் வகை ஏறக்குறைய 10,000 முதல் 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் அரிய நோய். ஆக்ட்ரியோடைடு பற்றிய பேச்சு எழுவது இந்த நிணநீர்க் கசிவில்தான். எனவே மருந்தைப் பற்றிக் கேட்கும் முன் வடித்த நீர் எந்த வகை என்று கேட்பதே சரியான வரிசை.

நிணநீர் ஏன் மார்புக்குள் கசிகிறது?

உணவிலுள்ள கொழுப்பின் பெரும்பகுதி குடலிலிருந்து நேரே இரத்தத்தில் கலப்பதில்லை. அது நுண்ணிய துளிகளாகக் குடலின் நிணநீர்க் குழல்களுக்குள் புகுந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பின் வழியே மேலே ஏறும் ஒரு பெருங்குழலில் சேர்ந்து, கழுத்தின் இடப்பக்க அடியில் உள்ள சிரையில் கலக்கிறது. மார்பு நிணக்குழல் எனப்படும் இந்தக் குழல் கீழ்ப்பகுதியில் முதுகெலும்பின் வலப்பக்கமாகவும், ஐந்தாம் மார்பு முள்ளெலும்பை ஒட்டி இடப்பக்கம் திரும்பியும் செல்கிறது. அதனால்தான் கீழே சேதமானால் பெரும்பாலும் வலப்பக்கத்திலும், மேலே சேதமானால் இடப்பக்கத்திலும் நீர் கோக்கிறது.

சில குழந்தைகளுக்கு நிணநீர்க் குழல்கள் பிறவியிலேயே சரியாக உருவாகாமல் இருக்கும். டவுன், நூனன், டர்னர் போன்ற மரபணு நிலைகளுடன் இது சேர்ந்து வருவதுண்டு. வேறு சில குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை, உதரவிதானத் துளையை மூடும் அறுவை சிகிச்சை, உணவுக்குழாய் அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது குழல் காயப்பட்டிருக்கும். சிரைக்குள் வைத்த குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்து, நிணநீர் கலக்க வேண்டிய வாயிலையே அடைத்துவிடுவதும் ஒரு காரணம். அப்படி அடைப்பு இருந்தால், அதை கவனிக்காமல் நிணநீரைக் குறைக்கும் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு.

நிணநீர் பால்போல வெண்மையாக இருக்கும் என்கிறார்கள். எங்கள் குழந்தைக்கு வந்தது தெளிந்த மஞ்சள் நிற நீர். அப்படியானால் இது நிணநீர் இல்லையா?

நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த வெண்மை கொழுப்பால் வருவது. இன்னும் பால் குடிக்காத குழந்தையின் நிணநீரில் கொழுப்பு இருக்காது. அது வைக்கோல் நிறத்தில் தெளிவாகவே இருக்கும். பால் குடிக்கத் தொடங்கிய பின்னர்தான் வெண்மையாகும்.

ஆகவே ஆய்வகச் சோதனையே நம்பத்தக்கது. பால் குடித்த குழந்தையின் நீரில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஒரு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது நிணநீர் எனக் கொள்வார்கள். பால் குடிக்காத குழந்தைக்கு இந்த அளவு பொருந்தாது. அங்கே உயிரணுக்களே சான்று: ஒரு மைக்ரோலிட்டரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் இருந்து, அவற்றுள் 80 விழுக்காட்டுக்கு மேல் லிம்போசைட் வகை வெள்ளணுக்களாக இருந்தால் அது நிணநீரே.

நேர்மாறான ஒரு தவறும் நிகழக்கூடும். சிரைவழிக் கொழுப்புக் கரைசல் மார்புக்குள் கசிந்தாலும் நீர் பால்போலவே இருக்கும், ட்ரைகிளிசரைடும் உயர்ந்தே இருக்கும். அந்த நீரில் சர்க்கரை அளவு மிக அதிகமாகவும் லிம்போசைட்டுகள் குறைவாகவும் இருப்பது அதைக் காட்டிக்கொடுக்கும். சிரைக்குழாய் உள்ள குழந்தைக்கு இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது.

நோய் உறுதியானதும் உடனே மருந்து கொடுப்பார்களா?

பொதுவாக இல்லை. முதல் வேலை மூச்சை மீட்பது: ஊசி மூலமோ மார்புக்குழாய் மூலமோ நீரை வடிப்பது, தேவைப்பட்டால் வெண்டிலேட்டர் உதவி கொடுப்பது. இரண்டாவது வேலை நிணநீர் ஊறுவதைக் குறைப்பது. குடலுக்கு வேலை கொடுத்தால் நிணநீர் பெருகும். கொழுப்பு உள்ள பால் கொடுத்தால் இன்னும் பெருகும். ஆகவே சில நாட்கள் வாய்வழி உணவை முழுதாக நிறுத்திச் சிரைவழி ஊட்டம் கொடுப்பார்கள், அல்லது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நிறைந்த சிறப்புப் பால் கொடுப்பார்கள். இந்த வகைக் கொழுப்பு நிணநீர்க் குழலுக்குள் போகாமல் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் கலந்துவிடுகிறது.

பல குழந்தைகளுக்குக் கசிவு நிற்க இதுவே போதுமானது. ஆனால் பொறுமை வேண்டும். சில வாரங்கள்கூட ஆகலாம். அந்த வாரங்களில் மருந்து ஏதும் கொடுக்காமல் வெறுமனே காத்திருப்பதாகப் பெற்றோருக்குத் தோன்றும். உண்மையில் காயம்பட்ட குழல் மூடவும், நிணநீர் வேறு கிளைவழிகளைக் கண்டுகொள்ளவும் கிடைக்கும் காலம் அதுதான். இந்த நோயில் குணமாக்குவதில் பெரும்பங்கு காலத்துக்கும் நல்ல ஊட்டத்துக்கும் உரியது. மருந்து அவற்றுக்குத் துணை நிற்கிறது. இந்த வரிசை மாறிவிடக்கூடாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

சிரைவழி ஊட்டத்திலும் கொழுப்பு இருக்கிறதே? அது கசிவைக் கூட்டாதா?

கூட்டாது. அந்தக் கொழுப்பு நேரே இரத்தத்தில் சேர்கிறது, குடல் நிணநீர்க் குழல்கள் வழியே வருவதில்லை. மேலும் அது அவசியமானதும்கூட. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பில் உடலுக்கு இன்றியமையாத லினோலெயிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் இல்லை. அவற்றை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும்.

தாய்ப்பால் இனி கொடுக்கவே முடியாதா?

முடியும். தற்காலிகமாக நிறுத்துவது வேறு, கைவிடுவது வேறு. இந்த நாட்களில் தாய் பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைப்பது மிகவும் பயனுள்ளது. சுரப்பு நின்றுவிடாமல் காக்கும் என்பதுடன், மையவிலக்குக் கருவி கொண்டு கொழுப்பைப் பிரித்தெடுத்த தாய்ப்பாலையே குழந்தைக்குக் கொடுக்கும் முறையும் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இருக்கிறது. அப்படிக் கொழுப்பு நீக்கிய பாலில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் தங்கியிருக்கும். நீக்கிய கொழுப்புக்கு ஈடாக வேறு கொழுப்பும் விட்டமின்களும் சேர்க்கப்படும். உங்கள் மருத்துவமனையில் இந்த வசதி உண்டா என்று முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆக்ட்ரியோடைடு என்பது எத்தகைய மருந்து?

நம் உடலில் சோமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் இயற்கையாகவே சுரக்கிறது. 1973-இல் விஞ்ஞானி ரோஜர் கில்லமினின் ஆய்வகத்தில் இது கண்டறியப்பட்டது. மூளை ஹார்மோன்கள் பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வளர்ச்சி ஹார்மோன், இன்சுலின், குளுக்ககான், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், குடலின் பலவகைச் சுரப்புகள் ஆகிய அனைத்தையும் அடக்கி வைப்பது இதன் இயல்பு. ஆனால் இரத்தத்தில் சில நிமிடங்களுக்குள் சிதைந்துவிடுவதால் மருந்தாகப் பயன்படுத்துவது கடினம். எட்டு அமினோ அமிலங்கள் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்ட ஆக்ட்ரியோடைடு அதே வேலையைச் செய்து, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில்தான் பாதியாகக் குறைகிறது.

பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் நோய்க்கும், சிலவகை ஹார்மோன் சுரக்கும் கட்டிகளால் வரும் வயிற்றுப்போக்குக்கும் இது பயன்படுகிறது. நிணநீர்க் கசிவுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னாளில் வந்தது.

அது எப்படிக் கசிவைக் குறைக்கிறது?

குடலுக்கும் கல்லீரலுக்கும் பாயும் இரத்தத்தின் அளவை அது குறைக்கிறது. இரைப்பை, கணையம், குடல் ஆகியவற்றின் சுரப்புகளும் கொழுப்பு உறிஞ்சப்படுவதும் குறைகின்றன. குடலில் ஊறும் நிணநீர் குறைந்தால் மார்பு நிணக்குழல் வழியே ஏறும் ஓட்டமும் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்தால் ஓட்டை மூடிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. நிணநீர்க் குழல்களின் சுவரிலேயே இது நேரடியாகச் செயல்படக்கூடும் என்றும் கருதப்படுகிறது.

இந்த விளக்கத்திலிருந்தே மருந்தின் எல்லையும் புலப்படும். அது குழலைத் தைப்பதில்லை. பிறவியிலேயே கோணலாக அமைந்த நிணநீர் வலையைத் திருத்துவதுமில்லை. குடலிலிருந்து வரும் நிணநீரையே அது முக்கியமாகக் குறைக்கிறது. நுரையீரலின் நிணநீர்க் குழல்களிலேயே கோளாறு பரவியிருக்கும் குழந்தைக்குப் பலன் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

எப்போது தொடங்குவார்கள்? அளவு என்ன?

நீரை வடித்து, உணவைச் சீரமைத்த பிறகும் கசிவு குறையாதபோதுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். கசிவு மிக அதிகமாக இருந்தால் சில மருத்துவர்கள் தொடக்கத்திலேயே சேர்ப்பார்கள். குழந்தையின் ஒவ்வொரு கிலோகிராம் எடைக்கும் நாளொன்றுக்கு 10 மில்லிலிட்டருக்குக் குறைவான கசிவைச் சிறியதென்றும், 50 மில்லிலிட்டரைத் தாண்டுவதை மிகப் பெரியதென்றும் பொதுவாகக் கருதுகிறார்கள். இரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டாவது அளவு என்பது நாளுக்கு 100 மில்லிலிட்டர்; அதன் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 160 முதல் 180 மில்லிலிட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த இழப்பின் பெருமளவு விளங்கும்.

மருந்தைச் சிரை வழியே இடைவிடாமல் சிறுகச் சிறுகச் செலுத்துவது ஒரு முறை. ஒரு கிலோகிராம் எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் என்ற அளவில் தொடங்கி, பலனைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்தி, பெரும்பாலான நடைமுறைகளில் 10 மைக்ரோகிராமைத் தாண்டாமல் நிறுத்துகிறார்கள். தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கும்போது, ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 70 மைக்ரோகிராம்வரை பல வேளைகளாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதே, சரியான அளவு எது என்பது இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதைக் காட்டுகிறது. இங்கே எண்களைக் கொடுப்பது உங்கள் புரிதலுக்காக மட்டுமே. இது தீவிர சிகிச்சைப் பிரிவில், தொடர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து.

உண்மையில் இது பலனளிக்கிறதா?

நேர்மையான பதில்: சில குழந்தைகளுக்குப் பலனளிப்பதாகத் தெரிகிறது, சிலருக்கு இல்லை, யாருக்கு எது நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2010-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. பச்சிளங்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவை 20 குழந்தைகளைப் பற்றிய 19 தனி அறிக்கைகளே. அவற்றுள் 14 அறிக்கைகள் கசிவு நின்றதாகவும், 4 அறிக்கைகள் நிற்கவில்லை என்றும் கூறின. ஒன்று தெளிவற்றதாக இருந்தது. இந்தச் சான்றை வைத்து மருந்தைப் பரிந்துரைக்க இயலாது என்றே அந்த ஆய்வு முடித்தது.

பதினான்குக்கு நான்கு என்பது நல்ல கணக்காகத் தோன்றலாம். ஆனால் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். வெற்றி பெற்ற சிகிச்சையை எழுதி வெளியிடுவதில் மருத்துவர்களுக்கு இருக்கும் ஆர்வம் தோல்வியை எழுதுவதில் இருப்பதில்லை. ஆகவே இத்தகைய அறிக்கைகள் வெற்றியின் பக்கமே சாய்ந்திருக்கும். அதைவிட முக்கியமானது, இந்தக் கசிவு மருந்தில்லாமலும் நாளடைவில் நிற்கக்கூடியது. பத்தாம் நாளில் மருந்து தொடங்கிப் பதினாறாம் நாளில் கசிவு நின்றால், நிறுத்தியது மருந்தா காலமா என்று ஒரே ஒரு குழந்தையை வைத்துச் சொல்லிவிட முடியாது. பின்னர் வெளியான தொகுப்புகளும் கலவையான பலன்களையே காட்டுகின்றன.

அப்படியானால் இதைக் கொடுப்பது தவறா? தவறென்று நான் சொல்லமாட்டேன். நாள்தோறும் புரதத்தையும் எதிர்ப்பாற்றலையும் இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு அறுவை சிகிச்சையும் ஆபத்தானதே. அதற்கு முன், அளவான ஆபத்துள்ள ஒரு மருந்தை, குறித்த காலத்துக்கு, கசிவை அளந்துகொண்டே முயன்று பார்ப்பது நியாயமான முடிவு. குறித்த காலம் என்பதும் அளவை என்பதும் இல்லாமல் வாரக்கணக்கில் நீட்டிப்பதுதான் தவறு.

பக்க விளைவுகள் எவை?

பல ஹார்மோன்களை அடக்கும் மருந்து என்பதால் விளைவுகளும் பல திசைகளில் வரும். இரத்தச் சர்க்கரை கூடலாம், குறையவும் செய்யலாம். ஆகவே தொடங்கும் நாட்களிலும் அளவை மாற்றும் நாட்களிலும் அடிக்கடி சோதிக்க வேண்டும். தைராய்டுச் சுரப்பு தற்காலிகமாகக் குறைந்த குழந்தைகள் உண்டு. பச்சிளங்குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. எனவே மருந்து நீண்டால் அந்தச் சோதனையைக் கட்டாயம் மறுபடி செய்ய வேண்டும். பிறந்தவுடன் எடுத்த தைராய்டுப் பரிசோதனை சரியாக இருந்தது என்பதோடு இதை விட்டுவிடக்கூடாது.

மிகவும் அஞ்ச வேண்டியது குடலைப் பற்றியதே. மருந்து வேலை செய்வதே குடலின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துத்தான். குறைமாதக் குழந்தைகளிலும் பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தைகளிலும் குடல் ஏற்கெனவே இரத்தக் குறைவுக்கு எளிதில் ஆட்படும். குடல் திசு அழுகும் நோயை ஒத்த நிலை இந்த மருந்தின்போது தோன்றியதாக அறிக்கைகள் உள்ளன. வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு ஆராய்வார்கள்.

இவை தவிர இதயத் துடிப்பு குறைதல், இரத்த அழுத்த மாற்றம், நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் உயர்தல், கல்லீரல் நொதிகள் கூடுதல், பித்தம் தேங்குதல், பித்தப்பைக் கற்கள், கொழுப்பு கலந்த மலம் ஆகியனவும் பதிவாகியுள்ளன. நுரையீரல் சரியாக வளராத குழந்தைக்கு ஏற்கெனவே நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்திருக்கக்கூடும் என்பதால், முன்னதாக எக்கோ எனப்படும் இதய அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த நோய்க்கென்று முறைப்படி அனுமதிக்கப்படாத மருந்து என்கிறார்களே, அச்சப்பட வேண்டுமா?

அனுமதி பெற்ற பயன்பாடு வேறு, மருத்துவர் தம் பொறுப்பில் விரிவுபடுத்தும் பயன்பாடு வேறு. பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் கணிசமானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே, ஏனெனில் இந்த வயதில் ஆய்வுகள் நடத்துவது மிகக் கடினம். அது தன்னளவில் தவறன்று. ஆனால் அதைப் பெற்றோருக்குச் சொல்லி, அவர்களது ஒப்புதலைப் பெற்றுத் தொடங்குவதே முறை.

எத்தனை நாள் கொடுப்பார்கள்? திடீரென நிறுத்தலாமா?

பலன் வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஒரு வாரத்தை ஒட்டிக் கசிவு குறையத் தொடங்கும். குறைந்தால் சில நாட்கள் அதே அளவில் தொடர்ந்து, பின் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். உயர்ந்த அளவுக்குச் சென்று சில நாட்கள் ஆன பின்னும் மாற்றமே இல்லையென்றால் தொடர்வதற்குக் காரணம் இல்லை.

மருந்தை நிறுத்துவதையும் பாலை மீண்டும் தொடங்குவதையும் ஒரே நாளில் செய்யாமல் இருப்பது நல்லது. இரண்டையும் ஒன்றாகச் செய்து கசிவு கூடினால், எதனால் கூடியது என்பதே தெரியாமல் போய்விடும்.

சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுத்தால் இந்த நீர் வற்றாதா?

வற்றாது. அது உடலில் மிகையாக உள்ள உப்பையும் நீரையும் வெளியேற்றும். குழலிலிருந்து கசிந்து தேங்கிய நிணநீரை இழுக்காது. இதயச் செயலிழப்பு போன்ற வேறு காரணம் உடனிருந்தால் அதற்காகக் கொடுக்கலாம். ஏற்கெனவே நீரையும் சோடியத்தையும் இழந்துகொண்டிருக்கும் குழந்தைக்குக் காரணமின்றிக் கொடுத்தால் கெடுதலே மிஞ்சும்.

ஆக்ட்ரியோடைடு தவிர வேறு மருந்துகள் உண்டா?

உண்டு, ஆனால் அவற்றுக்கான சான்று இன்னும் மெலிதானது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தவும், குழந்தைகளின் இரத்தக்குழல் கட்டிகளைச் சுருக்கவும் பயன்படும் ப்ராப்ரனலால் சில குழந்தைகளுக்கு முயன்று பார்க்கப்பட்டுள்ளது. சர்க்கரை குறைவதும் துடிப்பு குறைவதும் அதன் ஆபத்துகள். சிரோலிமஸ் என்னும் மருந்து நிணநீர்க் குழல்களின் மிகை வளர்ச்சியை அடக்குகிறது. பரவலான நிணநீர்க் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தும், ஆனால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதால் இரத்தத்தில் அதன் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் மனத்தைக் கவர்ந்த முன்னேற்றம் நூனன் வகை மரபணு மாற்றங்களில் நடந்திருக்கிறது. அந்த மாற்றம் மிகையாகத் தூண்டிவிடும் உயிரணுச் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் ட்ரமெட்டினிப் என்ற மருந்தால், வேறு எதற்கும் கட்டுப்படாத கசிவு நின்ற குழந்தைகள் பற்றிய அறிக்கைகள் வந்துள்ளன. எண்ணிக்கை சிறிது, நீண்டகால விளைவுகளும் இனிமேல்தான் தெளிவாக வேண்டும். ஆயினும், நாட்பட்ட பிறவிக் கசிவில் மரபணுப் பரிசோதனையை ஏன் தள்ளிப்போடக்கூடாது என்பதற்கு இது வலுவான காரணம்: எந்த மரபணு என்று தெரிந்தால் எந்த மருந்து என்பதும் மாறக்கூடும்.

மார்புக்குழாய் வழியே மருந்தைச் செலுத்தி, இரண்டு உறைகளையும் ஒட்டச் செய்யும் முறையும் உண்டு. இதற்குப் போவிடோன் அயோடின் கரைசலோ, பாக்டீரியாவிலிருந்து தயாரிக்கப்பட்ட ஓகே-432 என்ற மருந்தோ பயன்படுகிறது. அயோடின் உடலில் உறிஞ்சப்பட்டுத் தைராய்டை முடக்கக்கூடும், சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகளும் உள்ளன. ஆகவே இது எளிதாக எடுக்க வேண்டிய முடிவன்று.

கசிவோடு எவையெல்லாம் வெளியேறுகின்றன? அவற்றை ஈடுசெய்கிறார்களா?

நிணநீரில் கொழுப்பு மட்டும் இல்லை. ஆல்புமின் என்ற புரதம், நோய் எதிர்ப்புப் புரதங்கள், இரத்தம் உறைவதற்கான காரணிகள், லிம்போசைட்டுகள், சோடியம், கால்சியம், கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே விட்டமின்கள் அனைத்தும் போகின்றன. வடியும் அளவைக் கணக்கிட்டு நீரையும் உப்புகளையும் ஈடுசெய்வார்கள். தேவைக்கேற்ப ஆல்புமினும் உறைகாரணிகளும் கொடுப்பார்கள். எதிர்ப்புப் புரதத்தை வெளியிலிருந்து கொடுப்பதால் தொற்று குறைகிறதா என்பதில் ஒத்த கருத்து இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் வேறுபடும். எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் இந்தக் காலத்தில் கைகளைக் கழுவாமல் குழந்தையைத் தொடாதிருப்பது பெற்றோர் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு.

மருந்தும் உணவு மாற்றமும் கைகொடுக்கவில்லை என்றால்?

நிணநீர் ஓட்டத்தைப் படமெடுத்துக் கசிவிடத்தைக் கண்டறியும் எம்ஆர் லிம்ஃபாஞ்சியோகிராம் இப்போது சில மையங்களில் கிடைக்கிறது. கசிவிடம் தெரிந்தால் அதை நுண்குழாய் வழியே அடைக்கலாம், அல்லது மார்பு நிணக்குழலை அறுவை சிகிச்சை மூலம் கட்டலாம். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை மருந்தும் ஊட்டமும் பலனளிக்காதபோது, அல்லது நாள்தோறும் மிகப் பெரிய கசிவு குறையாமல் தொடரும்போது இந்தப் பேச்சு எழும். அத்தகைய மையத்துடன் முன்கூட்டியே தொடர்புகொள்வது, குழந்தை தளர்ந்துபோன பின் அனுப்புவதைவிட மேலானது.

மருந்து தொடங்கும் முன் மருத்துவரிடம் எவற்றைக் கேட்க வேண்டும்?

நீர் நிணநீர்தான் என்று எந்தச் சோதனை காட்டியது? சிரையில் அடைப்பு இல்லை என்று ஸ்கேனில் பார்த்தாகிவிட்டதா? இப்போது நாளொன்றுக்கு எவ்வளவு வடிகிறது, எந்த அளவுக்குக் குறைந்தால் பலன் என்று கொள்வீர்கள்? எந்த நாளில் மறுபரிசீலனை செய்வீர்கள்? சர்க்கரையும் தைராய்டும் எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்கப்படும்? இவற்றைக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் குறையாக நினைக்கமாட்டார். வடிந்த அளவை நாள்தோறும் ஒரு தாளில் நீங்களே குறித்து வாருங்கள். ஒரு நாள் கூடி மறுநாள் குறைவதைப் பார்த்து மனம் அலைபாயாமல், ஒரு வாரப் போக்கைப் பார்க்க அது உதவும்.

வீட்டுக்குச் சென்ற பின் மீண்டும் நீர் கோக்குமா?

கோக்கலாம், குறிப்பாகச் சிறப்புப் பாலிலிருந்து வழக்கமான பாலுக்கு மாறும் வாரங்களில். அதனால்தான் சிறப்புப் பாலைச் சில வாரங்கள் தொடரச் சொல்கிறார்கள். மாற்றிய பிறகு எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ எடுத்துப் பார்ப்பது வழக்கம். எடை ஏறுவதையும், மருத்துவமனையில் தைராய்டு அளவு குறைந்திருந்தால் அதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளுக்கு முன், லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை மீண்டுவிட்டதா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழந்தை வழக்கத்தைவிட வேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, பால் குடிக்கையில் இடையிடையே களைத்து நிறுத்தினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முன்பு நிணநீர்க் கசிவு இருந்தது என்பதை உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லுங்கள்.